பெட்டிக்கு அடியில் ஒரு தொட்டி: ரயில் கழிவறையும் சட்டத்தின் விதிவிலக்கும்

வண்டி நிலையத்தில் நிற்கும்போது கழிவறையைப் பயன்படுத்தாதீர் என்ற அறிவிப்பைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். கழிவறையின் அடியில் ஒரு துளை இருந்தது. வண்டி ஓடினால் மலம் ஊருக்கு வெளியே விழும், நின்றால் நடைமேடையின் ஓரத்தில் விழும். அந்த அறிவிப்பு சொன்னது அவ்வளவுதான். எங்கே விழுந்தாலும் அதை அள்ளுவதற்கு ஆள் உண்டு என்பது அதில் எழுதப்படாத இரண்டாம் வரி. அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பதையும் எவரும் எழுத வேண்டியிருக்கவில்லை.

இந்திய ரயில்களில் கடைநிலைப் பயணிகளுக்குக் கழிவறை வந்ததற்கு 1909-இல் ஓகில் சந்திர சென் என்ற பயணி சாகிப்கஞ்ச் கோட்ட அலுவலகத்துக்கு எழுதிய புகார்க் கடிதமே காரணம் என்று சொல்லப்படுகிறது. பிழை மலிந்த ஆங்கிலத்தில், வேட்டியும் செம்புமாக அவர் வண்டியின் பின்னால் ஓடிய கதையைச் சொல்லும் அக்கடிதம் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தால் புகழ்பெற்றது, படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். பயணியின் மானம் காக்கப்பட்ட வரலாறு அங்கே இருக்கிறது. அப்படிக் காக்கப்பட்டதால் தண்டவாளத்தில் துடைப்பமும் தகரமுமாக நின்றவர்களின் கடிதம் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை.

இப்போது அந்தத் துளைக்குக் கீழே எஃகுத் தொட்டி ஒன்று தொங்குகிறது. ‘பயோ டாய்லெட்’ என்று பெட்டியின் வெளிப்புறத்திலேயே எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 73,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளில் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிரிக் கழிவறைகள் பொருத்தப்பட்டுவிட்டன என்பது ரயில்வே அமைச்சகத்தின் கணக்கு. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முதலிடமும் உண்டு: மானாமதுரை–ராமேசுவரம் இடையிலான 114 கிலோமீட்டர் பாதைதான் 2016 ஜூலையில் நாட்டின் முதல் ‘பசுமை வழித்தடம்’ என அறிவிக்கப்பட்டது. தண்டவாளத்தில் மலம் விழுவது நின்றுவிட்டது, ஆகவே கையால் மலம் அள்ளும் பணியும் ரயில்வேயில் முடிந்துவிட்டது என்ற எண்ணம் அன்றிலிருந்து பரவலாகிவிட்டது. நம் இயக்கத் தோழர்களிலேயே சிலர் அப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன்.

தொட்டி வந்தது உண்மை. தொட்டி வந்தால் அதைச் சுத்தம் செய்யும் வேலையும் வருகிறது. அந்த வேலையை யார், எதைக்கொண்டு செய்கிறார்கள் என்பதும், சட்டம் அதை என்ன பெயரிட்டு அழைக்கிறது என்பதும் இங்கே விளக்கப்பட வேண்டியவை.

சொந்தக்காரரே கழுவும் தொட்டி

ஓடும் வண்டியில் மலத்தைத் தேக்கிவைக்கும் தொட்டி நம் ரயில்வேயின் கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகள் பல பத்தாண்டுகளாக இத்தகைய தொட்டியோடு ஓடுகின்றன. நம் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவனின் உறவுக்காரன் என்று அதைச் சொல்லலாம். அவ்வண்டியில் இரண்டு தொட்டிகள் இருக்கும். சமையல், குளியல் நீருக்குச் ‘சாம்பல் தொட்டி’, கழிவறைக்குக் ‘கறுப்புத் தொட்டி’. கறுப்புத் தொட்டி பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது லிட்டர் அளவினது.

அதைச் சுத்தமாக வைத்திருக்கும் முறை ஏறத்தாழ ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. முதல் விதி: தண்ணீரைத் தாராளமாகச் சேர்க்க வேண்டும். காலியான தொட்டியில் முதலில் சில லிட்டர் நீரை ஊற்றிவிட்டே பயன்படுத்தத் தொடங்குவார்கள். இரண்டாம் விதி: வெளியேற்றும் வால்வை எப்போதும் மூடியே வைக்க வேண்டும். திறந்து வைத்தால் நீர் மட்டும் வடிந்துபோய், மலமும் காகிதமும் கழிவறைக் குழாய்க்கு நேர்கீழே கூம்பாகக் குவிந்து இறுகிவிடும். இறுகியதைக் கரைப்பதுதான் உலகெங்கும் எந்தக் கழிவுத் தொட்டியிலும் கடினமான வேலை. மூன்றாவதாக, தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகே திறக்க வேண்டும். நிறைந்த நீரின் விசையே அடியில் படிந்ததை இழுத்துக்கொண்டு போகும். கறுப்புத் தொட்டியை முதலில் திறந்து, பிறகு சாம்பல் தொட்டியைத் திறந்தால் சோப்பு நீர் குழாயைக் கழுவிவிடும்.

வெளியேற்றும் இடங்களும் அங்கே முறையாக உண்டு. வண்டியை அருகில் நிறுத்தி, சுமார் மூன்று அங்குல விட்டமுள்ள குழாயை ஒரு முனையில் வண்டியோடும் மறுமுனையில் நிலத்தடிக் கழிவுநீர்த் துளையோடும் பொருத்தி, கைப்பிடியை இழுத்தால் போதும். பல வண்டிகளில் தொட்டிக்குள்ளேயே பீய்ச்சுமுனை பொருத்தப்பட்டிருக்கும். வெளியிலிருந்து நீர்க்குழாயை இணைத்தால் அது உட்சுவர்களைக் கழுவும். தொட்டி நிறைந்ததைக் காட்டும் உணரிகள் மட்டும் அடிக்கடி பொய் சொல்லும், காகிதம் அவற்றில் ஒட்டிக்கொள்வதால். நாற்றத்தை அடக்க ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்தை ஊற்றுவதைப் பலர் இப்போது தவிர்க்கிறார்கள். அது மலத்தைச் சிதைக்கும் பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த முறைகளை உருவாக்கியவர் வண்டியின் உரிமையாளர். கையுறை போட்டுக்கொண்டு குழாயைப் பிடிப்பவரும் அவரே. ஓய்வு பெற்ற ஆசிரியரோ, வழக்கறிஞரோ, விற்பனையாளரோ, தம் குடும்பத்தின் கழிவைத் தாமே வெளியேற்றுகிறார். வெளியேற்றுபவரின் கை அதில் படக் கூடாது என்ற தேவை வண்டியை வாங்குபவரின் தேவையாகவே இருந்ததால், குழாயும் இணைப்பும் வால்வும் பீய்ச்சுமுனையும் அதற்கேற்ப வடிவம் பெற்றன. அமெரிக்கச் சமூகம் நமக்கு மேலானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கும் அழுக்கு வேலைகள் யார் தலையில் விழுகின்றன என்பதற்கு நிறவெறியின் நீண்ட வரலாறு உண்டு. இந்த ஒரு தொட்டியின் விஷயத்தில் மட்டும், சுத்தம் செய்பவரும் வாங்குபவரும் ஒருவராக இருந்தார்கள்.

அமெரிக்க ரயிலின் கதை சற்று வேறு. அங்கும் ஆம்ட்ராக் நிறுவனத்தின் பழைய பெட்டிகள் கழிவைப் பாதையிலேயே கொட்டின. புளோரிடாவில் பாலத்தின்கீழ் மீன்பிடித்துக் கொண்டிருந்தவர்கள்மீது அது விழ, வழக்கு தொடரப்பட்டு, 1989-இல் நிறுவனம் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அதன் பின்னர் 1990-களில் தேக்கத் தொட்டிகள் பொருத்தப்பட்டன. பிரிட்டனில் தண்டவாளப் பணியாளர்கள் அங்கம் வகிக்கும் ஆர்.எம்.டி. தொழிற்சங்கம், கழிவு தங்கள்மீது தெறிக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் போராடியது. யார்மீது விழுகிறதோ அவருடைய குரல் கேட்கும் தொலைவில் அதிகாரம் இருந்தால் மாற்றம் வருகிறது. இந்தியாவிலோ, பாதையில் கொட்டும் கழிவு தண்டவாளத்தை அரிக்கிறது, பராமரிப்பைக் கெடுக்கிறது என்று 2012-இல் அனில் ககோட்கர் தலைமையிலான ரயில் பாதுகாப்புக் குழு சுட்டிக்காட்டியதும் மாற்றத்துக்கு வலுவான உந்துதலாயிற்று. இரும்பு அரிக்கப்படுவது கணக்கில் ஏறியது. அதே இரும்பின்மேல் குனிந்து நின்ற மனிதரின் தோல் அவ்வளவு விரைவாக ஏறவில்லை.

பாக்டீரியா செய்ய வேண்டிய வேலை

நம் ரயிலின் தொட்டி தேக்கி வைப்பதற்கானதன்று, சிதைப்பதற்கானது. இராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய முறை இது. உறைபனிப் பகுதிகளில் நிற்கும் படையினருக்காகத் தொடங்கிய ஆய்வு. குளிரிலும் பிழைக்கும் நுண்ணுயிர்களைத் திரட்டிக் காற்றில்லாச் சூழலில் மலத்தைச் சிதைக்கச் செய்வது நோக்கம். பெட்டியின் அடியில் உள்ள தொட்டி தடுப்புச் சுவர்களால் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மலம் முதல் அறையில் விழுந்து, பாக்டீரியாவால் கரைக்கப்பட்டு, அமிலங்களாகி, இறுதியில் மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் பிரிய வேண்டும். எஞ்சும் நீர் கடைசி அறையைத் தாண்டித் தண்டவாளத்தில் விழும். ஆம், நீர் இன்னமும் தண்டவாளத்தில்தான் விழுகிறது. மலம் விழக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

காற்றில்லாச் சிதைவு மெதுவான வேலை. இங்கே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பழைய வகைத் தூங்கும் வசதிப் பெட்டியில் 72 படுக்கைகள், நான்கு கழிவறைகள். ஒன்றுக்கு 18 பேர். ஒருவர் நாளுக்கு ஐந்து முறை போனால், ஒரு முறைக்குப் பத்து லிட்டர் நீர் என்று வைத்தாலும், ஒரு தொட்டிக்குள் நாளொன்றுக்கு 900 லிட்டர் போகிறது. தொட்டியின் கொள்ளளவோ சில நூறு லிட்டர். அப்படியானால் நீர் அதற்குள் ஒரு முழு நாள்கூடத் தங்குவதில்லை. முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறும் கூட்டத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. வீட்டுச் செப்டிக் டேங்கில் திடக்கழிவு மாதக்கணக்கில் கிடந்து சிதைகிறது என்பதை ஒப்பிட்டால், ஓடிக் குலுங்கும் இந்தச் சிறு தொட்டியிடம் எவ்வளவு எதிர்பார்க்கப்படுகிறது என்பது விளங்கும். இத்தொட்டிகளிலிருந்து வெளிவரும் நீர் சாதாரணச் செப்டிக் டேங்க் நீரைவிட மேலானதாக இல்லை என்ற ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்களின் முடிவு 2017-இல் செய்தியானது. ரயில்வே தன் திட்டத்தை உறுதியாகவே ஆதரித்தது.

அதே ஆண்டு இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2016-17-இல் பார்வையிடப்பட்ட சுமார் 25,000 உயிரிக் கழிவறைகளில் ஏறத்தாழ 2 லட்சம் குறைபாடுகள் பதிவாகியிருந்தன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை அடைப்பு. மற்றவை நாற்றம், இயங்காமை, குவளை இல்லாமை, குப்பைத்தொட்டி இல்லாமை ஆகியவை. இந்தக் கடைசி இரண்டையும் கவனியுங்கள். கழிவறைக்குள் பாட்டில், குட்கா உறை, குழந்தைகளின் டயப்பர், மாதவிடாய் நாப்கின் போடாதீர் என்று பயணிகளுக்கு ஓயாமல் அறிவுரை சொல்லப்படுகிறது. போடக் கூடாதுதான். ஆனால் குப்பைத்தொட்டி இல்லாத கழிவறையில், முப்பது மணி நேரப் பயணத்தில், ஒரு பெண் நாப்கினை எங்கே போடுவார்? பயணியின் ஒழுக்கக் குறைவு என்று சொல்லப்படுவதில் பாதி, நிர்வாகத்தின் கொள்முதல் குறைவு.

கை இறங்கும் இடம்

அடைத்துக்கொண்ட தொட்டி என்ன ஆகிறது? பாக்டீரியா பாட்டிலைத் தின்னாது. நெகிழிப் பையும் துணியும் கழிவறைக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள வளைகுழாயில் சிக்கி, அவற்றின்மேல் மலம் தேங்கி, கழிவறை நிரம்புகிறது. வண்டி ஓடிக்கொண்டிருந்தால், பெட்டியில் செல்லும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் அழைக்கப்படுவார். அவரிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு வாளி, ஒரு கோல், ஒரு மெல்லிய கையுறை. பராமரிப்பு நிலையத்துக்கு வந்துவிட்டால், ‘பிட் லைன்’ எனப்படும் குழிப்பாதையில் வண்டி நிறுத்தப்படும். பணியாளர் குழிக்குள் நின்று பெட்டியின் அடிப்பகுதியைக் கையாள்வார். அங்கே தொட்டி அவருடைய தோளுக்கும் தலைக்கும் நேராக இருக்கிறது. வால்வைத் திறந்தால் அடைப்பு எந்தத் திசையில் வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உறிஞ்சும் எந்திரத்தைக் குழாயால் இணைத்துக் காலிசெய்வதே செய்யத்தக்க முறை. எந்திரங்கள் அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்திரம் நீரையும் சகதியையும் உறிஞ்சும். வளைகுழாயில் முறுக்கிக் கிடக்கும் துணியை உறிஞ்சாது. அந்த இடத்தில் தொழில்நுட்பம் நின்று, கை தொடங்குகிறது. பெருநகரங்களின் மலக்குழிகளில் ஆள் இறங்குகிறார், ஹைட்ரஜன் சல்பைடு அவரைக் கொல்கிறது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. சுமார் 100 பி.பி.எம். அளவில் மூக்கின் மோப்ப உணர்வையே மழுங்கடிக்கும், ஆகவே நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் சில நிமிடங்களில் சரிகிறார். ரயில் தொட்டிக்குள் ஆள் நுழைய முடியாது. இங்கே அத்தகைய மரணம் இல்லை. இறங்குவது கை மட்டுமே. பத்திரிகையின் முதல் பக்கத்துக்கு வராத நோய்கள்தான் இங்கே விளைகின்றன: வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, தோல் நோய், கண்ணில் தெறித்த அழற்சி. எந்தப் பிணமும் விழாததால் எந்த விசாரணையும் இல்லை.

அந்தக் கை யாருடையது? ரயில்வேயின் ஒப்பந்தத் துப்புரவாளர்களுக்குச் சாதிவாரியான பொதுக் கணக்கு எதையும் நான் பார்த்ததில்லை. அருகிலுள்ள கணக்குகளைப் பார்ப்போம். 2013, 2018 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில் கையால் மலம் அள்ளுவோராக அடையாளம் காணப்பட்டவர்கள் 58,098 பேர். அவர்களில் சாதி விவரம் பதிவான 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்று 2021-இல் மாநிலங்களவையில் அரசே கூறியது. நகர்ப்புறக் கழிவுநீர், செப்டிக் டேங்க் பணியாளர்களைப் பதிவு செய்யும் ‘நமஸ்தே’ திட்டத்தில் 2024-இல் வெளியான விவரப்படி, சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட வகுப்பினர். பட்டியல் சாதியினர் மட்டும் 69 விழுக்காட்டை ஒட்டி வருகிறார்கள். ரயிலின் குழிப்பாதையில் மட்டும் இந்த விகிதம் தலைகீழாகிவிட்டது என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தென்படவில்லை.

ஒப்பந்த முறை இதில் செய்த வேலை பெரிது. முன்பு ரயில்வேயின் நிரந்தரப் பணியாளராக இருந்த துப்புரவாளருக்குக் குடியிருப்பும் மருத்துவமனையும் ஓய்வூதியமும் இருந்தன. சாதி இழிவும் இருந்தது. இப்போது வேலை ஒப்பந்ததாரரிடம் போயிருக்கிறது. குடியிருப்பும் மருத்துவமனையும் ஓய்வூதியமும் போய்விட்டன. இழிவு மட்டும் அப்படியே கைமாறியிருக்கிறது. ரயில்வேயிடம் கேட்டால் அவர் எங்கள் ஊழியர் அல்லர் என்ற பதில் எளிதில் கிடைக்கும்.

சட்டம் திறந்துவைத்த கதவு

கையால் மலம் அள்ளுவோர் பணியமர்த்தல் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம் 2013 டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளில். 1993-ஆம் ஆண்டின் பழைய சட்டம் உலர் கழிப்பிடங்களோடு நின்றுவிட்டது. புதிய சட்டத்தின் 2(1)(g) பிரிவோ ‘கையால் மலம் அள்ளுபவர்’ என்பதன் வரையறைக்குள் ரயில் தண்டவாளத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. இது இயக்கங்களின் வெற்றி. ஆனால் அதே சட்டத்தை ஒரு பக்கம் முன்னே புரட்டினால், ‘சுகாதாரமற்ற கழிப்பிடம்’ எது என்று சொல்லும் 2(1)(e) பிரிவின் கீழ் ஒரு காப்புரை இருக்கிறது. ரயில் பயணிகள் பெட்டியிலுள்ள நீர்வழிக் கழிப்பறையை, மத்திய அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடைகளோடும் ஒரு பணியாளர் சுத்தம் செய்தால், அது சுகாதாரமற்ற கழிப்பிடமாகக் கருதப்படாது என்பது அதன் சாரம். 2(1)(g) பிரிவின் விளக்கக் குறிப்பும் அப்படியே: அறிவிக்கப்பட்ட கருவியும் உடையும் இருந்தால், மலத்தைச் சுத்தம் செய்பவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ ஆகமாட்டார்.

இதன் பொருளை நிதானமாக யோசிக்க வேண்டும். ஒரு மனிதர் மலத்தைக் கையாள்கிறார் என்ற உண்மை, அவருடைய கையில் உறை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துச் சட்டத்தின் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. மறைந்தால் அவர் கணக்கெடுப்பில் வரமாட்டார். கணக்கெடுப்பில் வராதவருக்கு ஒருமுறை நிதியுதவி இல்லை, கடன் இல்லை, பிள்ளைகளுக்கு உதவித்தொகை இல்லை, மாற்றுத் தொழில் இல்லை. நாட்டிலேயே மிகுதியான கழிவறைகளை வைத்திருக்கும் ஓர் அரசுத் துறையின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு சட்டம் கதவு திறந்து வைத்திருப்பதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வேறொரு பிரிவில் நமக்கு ஒரு பிடி கிடைக்கலாம் என்று நினைக்கிறேன். சட்டத்தின் ஏழாம் பிரிவு, கழிவுநீர்ப் பாதையிலோ செப்டிக் டேங்கிலோ ‘அபாயகரமான சுத்திகரிப்பை’ எவரும் செய்விக்கக் கூடாது என்று தடுக்கிறது. மீறினால் முதல் முறை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை ஐந்து ஆண்டு, 5 லட்சம். செப்டிக் டேங்க் என்பதற்குச் சட்டம் தரும் இலக்கணம்: நீர் கசியாத, மனித மலத்தைப் பெற்று வைத்துக்கொண்டு பாக்டீரியாவால் சிதையவிடும், ‘வழக்கமாக’ நிலத்தடியில் அமைந்த தொட்டி. ரயிலின் உயிரித் தொட்டி மலத்தைப் பெறுகிறது, வைத்துக்கொள்கிறது, பாக்டீரியாவால் சிதைக்கிறது. நிலத்தடியில் இல்லை, அவ்வளவே. ‘வழக்கமாக’ என்ற சொல் கட்டாயத்தைக் குறிப்பதன்று. அப்படியானால் பாதுகாப்பு இன்றி அத்தொட்டியைக் கையால் சுத்தம் செய்ய வைப்பது ஏழாம் பிரிவின்கீழ் குற்றம் என்று வாதிட இடமிருக்கிறது. நீதிமன்றம் ஏற்குமா என்பது வழக்காடிப் பார்க்க வேண்டியது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இதை எடுத்து ஆராய வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளும் துணைக்கு உண்டு. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று வந்த தீர்ப்பு, தண்டவாளத்தில் கையால் மலம் அள்ளுவதை ஒழிக்கக் காலவரையறையோடு திட்டம் வகுக்க வேண்டும் என்று ரயில்வேக்கு உத்தரவிட்டது. மலக்குழி மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டையும் நிர்ணயித்தது. 2023 அக்டோபர் 20-இல் பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. இறந்தவருக்கான விலை மும்மடங்காகியிருக்கிறது. இறக்காமல், தினமும் கையை நுழைத்து எடுப்பவருக்கு இன்னும் எந்த விலையும் வகுக்கப்படவில்லை.

கேட்க வேண்டியவை

தொழில்நுட்பத்தில் தீர்வு இல்லை என்பதன்று என் வாதம். வந்தே பாரத் போன்ற புதிய வண்டிகளில் உள்ள உறிஞ்சுவகைக் கழிவறை, விமானத்தில் இருப்பதைப் போலக் காற்றழுத்தத்தால் இழுக்கிறது. ஒரு முறைக்கு அரை லிட்டர் அளவு நீரே போதும். நீர் குறைந்தால் கழிவு தொட்டியில் தங்கும் நேரம் கூடும், சிதைவும் மேம்படும். ஆனால் கட்டணம் கூடிய வண்டியில்தான் அது முதலில் வருகிறது. முன்பதிவில்லாப் பெட்டியில், மிகுதியான கூட்டம் மிகச் சிறிய தொட்டியை நிரப்பும் இடத்தில், பழைய வளைகுழாயே நீடிக்கிறது. அங்கே பயணம் செய்பவர்களிலும், அதைச் சுத்தம் செய்பவர்களிலும் நம் மக்கள் அதிகம்.

வளைகுழாயை வெளியிலிருந்தே கழற்றித் தனியே கழுவும்படி அமைப்பது, துணியும் நெகிழியும் தொட்டியை அடையுமுன் சிக்கும் வலைக்கூடையை வைத்து அதைக் கை படாமல் கவிழ்க்கும்படி செய்வது, தொட்டிக்குள் பீய்ச்சுமுனை பொருத்துவது, குழிப்பாதையின் இருபுறமும் உறிஞ்சுகுழாய் இணைப்புகளை நிரந்தரமாக நிறுவுவது — இவற்றில் எதுவும் விண்வெளித் தொழில்நுட்பமன்று. பென்ஷன் வாங்கும் ஓர் அமெரிக்கரின் வீட்டு வண்டியில் இவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டிகளைக் கட்டும் ஐ.சி.எஃப். தொழிற்சாலைக்கு இதைச் செய்யத் தெரியாது என்று எவரும் நம்பமாட்டார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் தெற்கு ரயில்வேயின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கக்கூடிய கேள்விகளை இங்கே குறித்துவைக்கிறேன். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பெட்டிப் பராமரிப்பு நிலையத்தின் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்நிலையத்தில் சென்ற நிதியாண்டில் பதிவான உயிரிக் கழிவறை அடைப்புகள் எத்தனை, அவற்றில் எந்திரத்தால் நீக்கப்பட்டவை எத்தனை? உறிஞ்சும் எந்திரங்கள் எத்தனை, அவை பழுதாகி நின்ற நாட்கள் எத்தனை? வெளியேற்றப்பட்ட சகதி எங்கே கொட்டப்பட்டது. நிலையத்தின் செப்டிக் டேங்கில் என்றால், அந்த டேங்கை யார் எப்போது சுத்தம் செய்தார்கள்? துப்புரவு ஒப்பந்தத்தின் நகல், அதில் பாதுகாப்பு உபகரணங்களுக்காக ஒதுக்கப்பட்ட தொகை, வாங்கியதற்கான ரசீது. 2(1)(e) காப்புரையின்கீழ் மத்திய அரசு அறிவித்ததாகச் சொல்லப்படும் கருவிகள், உடைகள் ஆகியவற்றின் பட்டியல், அந்த அறிவிக்கையின் எண்ணும் தேதியும். ஒப்பந்தப் பணியாளர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்ததா, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போடப்பட்டதா?

முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘எங்களிடம் இத்தகவல் தொகுக்கப்படவில்லை’ என்று வந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், மேல்முறையீட்டுக்கும் வழக்குக்கும் அதுவே முதல் ஆவணம்.